சரசுவின் குதிகால் வலிக்கு நானும் ஒரு காரணம்

பழிவாங்குவதற்காகவே ஒரு பெண்ணை வருடக்கணக்கில் நிற்க வைத்தவன் நான்.

ஈப்போவில் ஒரு துணிக்கடையில் மேலாளராக இருந்தேன். ரப்பர் தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த சரசு, நான் கெட்ட வார்த்தையில் திட்டுவதாக முதலாளியிடம் சொல்லிவிட்டாள். அவர் எல்லார் முன்னிலையிலும் என்னைக் கண்டித்தார். மறுநாளே அவளைக் கல்லாவிலிருந்து எழுப்பி, மெல்லிய அடியுள்ள சப்பாத்து போட வைத்து, வாசலில் சிமெண்டுத் தரையில் நிறுத்தினேன்.

“குதிகால் வலிக்குது சார், கொஞ்சம் உக்காரவா?”

“முதலாளிகிட்ட பேசத் தெரியுது, நிக்கத் தெரியாதா? நில்லு லா!”

சொல்லச் சொல்ல எனக்கு இனித்தது.

சென்ற வருடம் எனக்கே குதிகால் வலி வந்தது. “கெட்டித் தரையில் ரொம்ப நேரம் நிற்பீர்களா? சப்பாத்தின் அடி மெல்லியதா? இனிப்புநீர், சர்க்கரை வியாதி உண்டா?” என்று டாக்டர் கேட்டார். எனக்கு எதுவும் இல்லை. உடல் எடைதான் காரணம் என்றார். அவர் கேட்ட முதல் இரண்டும் நான் சரசுவுக்குச் செய்தவை.

விசாரித்து, சிலிம் ரிவரில் அவள் வீட்டுக்குப் போனேன். நொண்டியபடி வந்தாள். மன்னிப்புக் கேட்டுக் காலைத் தொடக் குனிந்தேன்.

“தொடாதீங்க சார், அங்கதான் வலி. உங்க மகன் சாப்பாட்டுக் கடை வச்சிருக்காராமே, அங்க வேலை செய்யுற பிள்ளைங்க உக்காருதா?”

அங்கிருந்து நேரே மகன் கடைக்குப் போனேன்.

மகனோடு சண்டை போட்டு, அங்கு வேலை செய்பவர்கள் அவ்வப்போது உட்கார ஏற்பாடு செய்தேன். அதைச் சொல்ல மறுபடியும் போனேன்.

“அவங்களுக்கு நல்லது சார். நான் மன்னிக்கல,” என்று கதவைச் சாத்தினாள்.

இப்போது வாரம் ஒருமுறை மகன் கடைக்குப் போய், யாராவது நின்றுகொண்டே இருக்கிறார்களா என்று பார்க்கிறேன். சரசு வீட்டுக்குப் போவதில்லை.