காதுக்குள் அடிக்காத மணி

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியில் மேல் வீட்டில் இருப்பவர் பத்மாவதி அக்கா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தச் சொல் காதில் விழுந்தாலும் அது எங்கிருந்து வந்தது என்று துருவாமல் விடமாட்டார். அலுமாரி என்ற சொல் போர்த்துக்கீசரோடு வந்த கதையை மீன்காரன் டிலானுக்குச் சிங்களத்தில் விளக்கி முடிப்பதற்குள் அவனுடைய மீன் நாறிவிடும்.

போன மார்கழியிலிருந்து அவருடைய வலது காதுக்குள் ஒரு சத்தம். வேறு யாருக்கும் கேட்கவில்லை. "உமக்கு வேலையில்லை, அதுதான்" என்று சொல்லிவிட்டுக் கணவர் இராசரத்தினம் பேப்பரை விரித்தார். தனக்கு மூளை குழம்புகிறதோ என்று அக்காவே பயந்தார். என்னிடம் அதைச் சொன்னபோது அழுதும்விட்டார்.

நான்தான் காது டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டொக்டர் கோண்டாவில், அக்கா கொக்குவில். இரண்டும் யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனாலும் கொழும்பில் டொக்டரின் அறைக்குள் நுழைந்தால் எங்கள் சனத்துக்குத் தமிழ் மறந்துவிடும். தமிழில் நோயைச் சொன்னால் மரியாதை குறைந்துவிடுமாம்! "ரிங்கிங் சவுண்ட்?" என்று டொக்டர் கேட்டார். "யெஸ் டொக்டர், ரிங்கிங்" என்றார் அக்கா. டினிட்டஸ், வயதானால் வருவதுதான் என்று அவரும் ஆங்கிலத்திலேயே சொல்லி முடித்தார். கதிரை சூடாவதற்குள் வெளியே வந்துவிட்டோம்.

ஓட்டோவில் ஏறியதுமே அக்கா போனில் அந்தச் சொல்லைத் தேடினார். டினிட்டஸ் லத்தீன் சொல். மணி ஒலிப்பதற்கும் உலோகம் கிணுகிணுப்பதற்கும் அந்தக் காலத்தில் வழங்கியது. பிறகு காதுக்குள் கேட்கும் எல்லா இரைச்சலுக்கும் ஆங்கில வைத்தியத்தில் அதுவே பெயராகிவிட்டது. இப்படி ஒன்றைக் கண்டுபிடித்தால் வழக்கமாகச் சிரிப்பார். அன்று முகம் மாறிவிட்டது.

"எனக்கு மணியே அடிக்கேல்லை, சுபோ. என்ர நாடி அடிக்கிறதோட சேர்ந்தெல்லோ இது ஊதுது. நான் ஏன் ஓம் எண்டு சொன்னனான்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா மேலா, டொக்டர் மேலா என்று தெரியவில்லை. ஓட்டோவைத் திருப்பச் சொன்னேன்.

எங்களை மறுபடி கண்டதும் டொக்டர் முகத்தைச் சுளித்தார். அக்கா "எக்ஸ்கியூஸ் மீ" என்று தொடங்கி, அடுத்த சொல் கிடைக்காமல் திணறி, கடைசியில் கையை நெஞ்சில் வைத்தார். "தம்பி, இது மணியில்லை. நெஞ்சு அடிக்க அடிக்கக் காதுக்குள்ள துருத்தி ஊதுது. புஸ், புஸ் எண்டு."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தார். ஆங்கிலமும் அதோடு போயிற்று.

"நாடியோடயோ? அப்ப இது வேற, அன்ரி. கொஞ்சம் அசையாமல் இருங்கோ."

ஸ்டெதஸ்கோப்பை அவருடைய வலது காதுக்குப் பின்னால் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இரத்தக்குழாயில வாற சத்தம் இது. உடன ஸ்கேன் ஒண்டு எடுக்கவேணும். திரும்பி வந்தது நல்லதாப் போச்சு." தன் காதிலிருந்து ஸ்டெதஸ்கோப்பை எடுக்காமலே சொன்னார்: "எனக்கும் கேக்குது, அன்ரி."

ஸ்கேனை எங்கே எடுப்பது என்று நான் டொக்டரிடம் கேட்டேன். அக்காவுக்கோ கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"பேப்பரோட இருக்கிற என்ர மனுசனுக்குக் கோல் எடு, சுபோ," என்றார். "டொக்டருக்கும் கேக்குதாம் எண்டு சொல்லு."