மூடியின் மேல் ஒரு கை

"குடிக்கிறீங்களா, இல்ல இப்பத்தான் வயிறு நெறஞ்சு வந்தீங்களா?" என்று கேட்கும்போதே ருஃபினாவின் இடது கை ஜாடியின் மூடியை அழுத்திப் பிடித்திருக்கும். இப்படிக் கேட்டால் யார் குடிப்பார்கள்? வந்தவர் நெஞ்சில் கைவைத்து, இப்போதுதான் ஆயிற்று என்பார். முதல் அழைப்புக்கே சரி என்று சொல்கிறவனை எங்கள் ஊரில் மானங்கெட்டவன் என்பார்கள். இரண்டு தடவை மறுத்து, மூன்றாவது தடவைதான் உட்கார வேண்டும். ருஃபினா முதல் தடவையோடு நிறுத்திக்கொள்வாள். ஜாடி மறுபடியும் ஐஸ்பெட்டிக்குள் போய்விடும். உபசாரமும் நடந்தது, ஒரு சொட்டும் குறையவில்லை.

லூசேனா சந்தைக்குப் பின்னால், எங்கள் சந்தின் முனையில் அவளுக்கு ஒரு பெட்டிக்கடை. கம்பி வலைக்குப் பின்னால் உட்கார்ந்து சோப்பு, சிகரெட், பிளாஸ்டிக் பையில் உறையவைத்த ஐஸ் எல்லாம் விற்கிறாள். அவள் விற்கும் ஐஸ் பையில் கால்வாசி காற்று. சிகரெட் வாங்குகிறவர்களுக்காக லைட்டர் ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். கயிறு முழங்கை நீளம்கூட இல்லை. பற்றவைக்க வேண்டுமானால் அவளுக்கு ஒரு கும்பிடு போடுவதுபோல் குனிந்துதான் ஆகவேண்டும். மாதா கோவிலில் மற்றவர்கள் ஏற்றிவிட்டுப் போகும் மெழுகுவர்த்தியின் அடிக்கட்டையைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவாள். புருஷன் செத்த பிறகு பட்ட கஷ்டத்தில் வந்த புத்தி என்று யாரும் இரக்கப்பட வேண்டாம். அந்த மனிதர் உயிரோடு இருந்தபோதே அவர் காப்பியில் சர்க்கரை கிடையாது.

அவளுடைய ஜாடிக்கு வருவோம். அதில் இருப்பது இளநீர்ப் பானமாம். நான் அடுத்த வீட்டுக்காரி. என் வீட்டுத் தென்னை அவளுடைய தகரக் கூரைமேல் சாய்ந்து நிற்கிறது. கூரையில் விழுந்தது கூரைக்காரிக்கு என்று சந்துக்கே ஒரு சட்டம் போட்டிருக்கிறாள். இளநீர் எங்கேயாவது தானாக விழுமா? முற்றிப்போன நெத்துதான் விழும். எங்கள் ஊரில் வழுக்கையை இளசிலிருந்து முற்றல்வரை சளிப் பதம், சோற்றுப் பதம், தோல் பதம் என்று பிரிப்பார்கள். செருப்பு தைக்கலாம்போல் இருப்பது தோல் பதம். ருஃபினா கையில் கிடைப்பது அதையும் தாண்டிய பதம். அதன் தண்ணீரை ஜாடியில் ஊற்றி, குழாயைத் திறந்து, ஜாடி நிரம்பும்வரை வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பாள். டின் பாலைத் தன் காப்பிக்கு எடுத்துவைத்துவிட்டு, காலி டின்னைக் கழுவிய வெந்நீரை ஜாடியில் விடுவாள். கடைசியில் துருவிய கீற்றுகள் கொஞ்சம் மேலே மிதக்கும். குடித்துவைத்த கிளாஸில் ஒட்டியிருக்கும் கீற்று மறுநாளும் ஜாடியில் மிதக்கும் என்று சந்தில் பேச்சு. நான் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் நம்புகிறேன்.

எங்கள் பேச்சில் இளநீருக்கு புக்கோ என்று பெயர். திருட்டுத்தனம் செய்து கையும் களவுமாக மாட்டிக்கொள்வதற்கும் அதே சொல்தான். அதனால் அவள் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வரும்போதெல்லாம் சந்தில் யாராவது, "புக்கோ வருது" என்பார்கள். அவள் காதில் விழுந்தாலும் விழாததுபோல் சிரிப்பாள். தோல் பதம் தேங்காய்க்கு மட்டுந்தானா?

இவள் வயிற்றில் எப்படிப் பிறந்தாளோ, மகள் திவினா தங்கமான பெண். மருந்துக்கடையில் வேலை. போன வருஷம் ஒரு சம்பந்தம் கூடிவந்தது. பையனின் அத்தை வந்து அந்த ஜாடித் தண்ணீரில் ஒரு வாய் குடித்துவிட்டுப் போனாள். மறுநாள் சந்தை முழுக்க அதே பேச்சு. அந்தப் பையன் பிறகு மருந்துக்கடைப் பக்கமே வரவில்லை. இப்போது நோயெல் என்கிற பையன் கிடைத்திருக்கிறான். அவன் வீட்டார் ஞாயிற்றுக்கிழமை முறையாகப் பெண் கேட்டு வருவதாக ஏற்பாடு. திவினா அம்மாவிடம் வேறெதுவும் கேட்கவில்லை. "இந்த ஒரு நாளைக்குத் தண்ணி ஊத்தாதம்மா" என்று மட்டும் கேட்டாள். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

ஞாயிறு காலையில் ருஃபினா என் முற்றத்தில் வந்து நின்று மரத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"ஹசிந்தா, உன் மரத்துல நாலு எளசு வேணும்."

"ஏன், கூரையில ஒண்ணும் விழலையா?"

"விழுந்ததெல்லாம் கெழடு. எனக்கு இன்னிக்குச் சோத்துப் பதம் வேணும்."

ஆள் ஏறிப் பறித்துப் போட்டான். ஒவ்வொரு காயையும் காதோரம் வைத்து, நகத்தால் சுண்டிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாள். இத்தனை நாளும் தெரிந்துகொண்டேதான் கிழட்டுக் காயை எங்கள் தலையில் கட்டியிருக்கிறாள் பாவி. உதவி செய்கிற சாக்கில் நானும் அவள் சமையலறைக்குப் போனேன். உதவி செய்ய அல்ல, எந்த இடத்தில் தண்ணீர் ஊற்றப்போகிறாள் என்று பார்க்கத்தான்.

ஊற்றவில்லை. இளநீரைத் துணியில் வடிகட்டினாள். வழுக்கையைக் கரண்டி விளிம்பால் நீள நீளமாக, உடையாமல் வழித்தாள். வாசனைக்குப் பாண்டன் இலையை முடிச்சுப் போட்டு, சர்க்கரையோடு இளநீரிலேயே கொதிக்கவைத்து ஆறவிட்டாள். டின் பாலைக் கவிழ்த்துப் பிடித்து, கடைசிச் சொட்டு விழும்வரை காத்திருந்தாள். ஐஸை மட்டும் ஜாடிக்குள் போடாமல், வாளியில் கொட்டி அதன் நடுவில் ஜாடியை இறக்கினாள். ஏன் என்று கேட்டேன்.

"உள்ள போட்டா கரைஞ்சு தண்ணியாயிரும். தண்ணி ஊத்துன பேரு இன்னிக்கு எனக்கு வேணாம்."

ஐஸ் விற்கிறவள் சொல்கிறாள் இதை. ஒரே ஒரு தடவை அவள் கண் குழாய்ப் பக்கம் போய்த் திரும்பியது. அவ்வளவுதான். வந்த வேலை கெட்டது என்று எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

நோயெலின் அம்மா பெர்பெத்துவா கழுத்தில் தங்கச் சிலுவையோடு வந்து இறங்கினாள். பின்னாலேயே அவள் புருஷன், நோயெல், பன்சித் நூடுல்ஸ் தட்டு, துணி சுற்றிய ஏதோ ஒரு பாத்திரம். பிள்ளை வீட்டார் வெறுங்கையோடு வரக்கூடாது என்பது வழக்கம். எல்லோரும் உட்கார்ந்ததும் ருஃபினா ஜாடியை எடுத்து வந்தாள். பழக்க தோஷம், இடது கை தானாக மூடிமேல் போனது. திவினா நிமிர்ந்து பார்த்தாள். கை விலகியது. ருஃபினா ஒரு தடவை கேட்டாள், மறுத்தார்கள். இரண்டாம் தடவை கேட்டாள், மறுத்தார்கள். தன் ஆயுளில் முதல்முறையாக மூன்றாம் தடவையும் கேட்டு, விளிம்புவரை ஊற்றிக் கொடுத்தாள். நானும் குடித்தேன். வயிற்றெரிச்சலோடு சொல்கிறேன், அப்படி ஒரு ருசி. பெர்பெத்துவா இரண்டாவது கிளாஸும் வாங்கிக் குடித்தாள். கல்யாணத் தேதி முடிவாயிற்று. திவினாவின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. அம்மா ஊற்றியதை எல்லோருக்கும் எடுத்துக் கொடுப்பதிலேயே இருந்ததால் அவள் இன்னும் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை; அவளுக்கென்று வைத்த கிளாஸ் காலியாகவே இருந்தது.

பெர்பெத்துவா வாயைத் துடைத்துக்கொண்டு தாங்களும் இளநீர்தான் கலந்து கொண்டுவந்ததாகச் சொல்லி, துணியை அவிழ்த்தாள். உள்ளே ஒரு கண்ணாடி ஜாடி. அதன் வழியாகப் பார்த்தால் எதிர்ச் சுவரில் தொங்கும் காலண்டரின் தேதி படிக்கலாம், அவ்வளவு தெளிவான தண்ணீர். மேலே தடித்தடியாகச் சில கீற்றுகள் மிதந்தன. தோல் பதம்.

"என்ன சம்பந்தி, குடிக்கிறீங்களா, இல்ல இப்பத்தான் வயிறு நெறஞ்சுதா?" என்றாள் பெர்பெத்துவா, திவினாவையும் சேர்த்துப் பார்த்து. அவளுடைய இடது கை மூடியை அழுத்திப் பிடித்திருந்தது.

நோயெல் தலையைக் குனிந்துகொண்டான். நல்ல பெண்ணல்லவா, திவினா நெஞ்சில் கைவைத்து, வேண்டாம், வயிறு நிறைந்துவிட்டது என்றாள். பெர்பெத்துவா அவிழ்த்த துணியை மறுபடி சுற்ற ஆரம்பித்துவிட்டாள். 'புக்கோ' என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. இரண்டு சம்பந்திகளில் யாரைப் பார்த்துச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

ருஃபினா அந்த ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் எத்தனை பங்கு குழாய்த் தண்ணீர் என்று சொல்ல இந்தச் சந்தில் அவளைவிடத் தேர்ந்தவர் கிடையாது. அந்த வீட்டில்தான் திவினா வாழப்போகிறாள்; அந்தக் கைதான் நாளைக்கு அவளுக்குச் சோறு போடும்.

"எம்பொண்ணு குடிப்பா" என்றாள்.

பிறகு மகளுக்கென்று வைத்திருந்த கிளாஸை எடுத்து சம்பந்தியின் ஜாடிக்கு முன்னால் நீட்டினாள். மூடிமேல் இருந்த கையைத் தன் கையாலேயே விரல் விரலாக எடுத்து மேஜைமேல் வைத்தாள். பெர்பெத்துவா வேறு வழியில்லாமல் ஊற்றினாள்; பாதியில் நிறுத்தி ருஃபினாவின் முகத்தைப் பார்த்தாள். கிளாஸ் விளிம்புவரை நிறைந்து தண்ணீர் விரலில் வழியும்வரை, ருஃபினா நீட்டிய கையை மடக்கவில்லை.