மீரா சாகிபு போட்ட வரிசை

ஏர்வாடியில் தையல் கடை வைத்திருந்த மீரா சாகிபு தன் ஆயுளில் ஒரே ஒரு முறைதான் சடுகுடுக் களத்தில் இறங்கினார். எதிராளி பாடி வந்து தொடும் முன்பே பயந்து கோட்டைத் தாண்டி ஓடி, தானாக அவுட் ஆனார். அதற்குப் பிறகு மற்றவர்களின் ஆட்டத்துக்கு மார்க் போடுவதே அவருக்கு முழு நேர வேலை. சட்டை தைப்பது இடையிடையே நடந்தது.

இந்தக் கரையில் ஊர் ஊராய்க் கூலிக்கு ஆடியவர்களில் என்றைக்கும் பெரிய ஆள் யார் என்பதற்கு அவரிடம் ஒரு வரிசை உண்டு. முதலில் அபிராமத்துக் கூத்தையா. அடுத்து மதார். மூன்றாவது அக்காள்மடத்துச் சதக். கூத்தையா காலராவில் போய்ச் சேர்ந்துவிட்டார். மதார் கொழும்புக்குப் போனவர் திரும்பவில்லை. சதக் பேரன் எடுத்துவிட்டார். ஆடுகிறவன் ஒருவன்கூட அந்த வரிசையில் கிடையாது. ஆடுகிறவனை வைத்தால் அவன் நாளைக்கே தோற்று இவர் மானத்தை வாங்கிவிடுவானே. இந்தப் பயந்தாங்கொள்ளித்தனத்தை ஞானம் என்று நம்பித் தலையாட்ட, கடை வாசலில் எந்நேரமும் நாலு பேர் இருந்தார்கள். ஊரைச் சொல்லி என்ன செய்வது.

ஐம்பத்தெட்டில் தர்காவில் சந்தனக்கூடு திருவிழா முடிந்த மறுவாரம் மதுரை மில்லிலிருந்து ஒரு மேஸ்திரி வந்தார். மில் அணிக்கு ஓர் ஆள் வேண்டும், நன்றாக ஆடினால் நிரந்தர வேலை. உப்பளத்தில் மூட்டை சுமந்த முனியசாமிக்குத்தான் அது என்று எல்லோருக்கும் தெரியும். அவன் பாடிப் போனால் இரண்டு பேரையாவது வெளியே உட்கார வைக்காமல் திரும்பமாட்டான். ஆட்டம் பார்க்க மேஸ்திரிக்கு நேரமில்லை. நம் ஆட்கள் அவரை நேராகத் தையல் கடைக்குக் கூட்டிப்போனார்கள். முனியசாமி வெளுத்த சட்டையோடு வாசலில் நின்றான்.

"இந்தப் பையன் எப்படி பாய்?" என்றார் மேஸ்திரி.

மீரா சாகிபு ஊசியில் நூல் கோத்து முடித்தார். "பய நல்லாத்தான் ஆடுறான். ஆனா அல்லா அறியச் சொல்றேன், கூத்தையா கால் தூசிக்கு வரமாட்டான். இன்னும் கொஞ்ச வருசம் போகட்டும், பாத்துச் சொல்றேன்."

மேஸ்திரி பஸ் ஏறினார். வேலை வேறு ஊர்க்காரனுக்குப் போயிற்று. முனியசாமி உப்பளத்துக்கே திரும்பினான். அடுத்த கோடையில் லாரியிலிருந்து சரிந்த மூட்டை அவன் முழங்காலை நொறுக்கியது.

கம்பு ஊன்றி நடக்கப் பழகியபின் ஒருநாள், கிழிந்த சட்டையைத் தைக்கக் கொடுக்க வந்தான். மீரா சாகிபு அவனுக்கு ஸ்டூல் போட்டு உட்கார வைத்து, வாசலில் இருந்தவர்களைப் பார்த்தார்.

"இங்கன பாருங்கப்பா. இந்தக் கரையில என்னைக்கும் முதல் ஆள் நம்ம முனியசாமிதான். கூத்தையாவெல்லாம் அப்புறம்."

"இனிமே நான் தோக்கமாட்டேன்னு தெரிஞ்சு போச்சாக்கும், பாய்" என்றான் முனியசாமி.

தலையாட்டிகள்கூடத் தரையைப் பார்த்தார்கள். மீரா சாகிபுக்கு மட்டும் முகமெல்லாம் சிரிப்பு.

"அதேதான் தம்பி. ஒன்னைய இனி எவனும் செயிக்க முடியாது."