அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்

ஆண்டிமடம் பக்கம் சாவானாலும் தேர்த் திருவிழாவானாலும் ஆட்டோவில் மைக் கட்டி ஊருக்குச் சொல்பவர் கிளமெண்ட். அரியலூரில் ஒரு ஸ்கேன் சென்டரின் எம்.ஆர்.ஐ. மெஷினிலும் அவர் பதிந்து கொடுத்த குரல்தான்.

இன்று அந்த மெஷினுக்குள் அவரே படுத்திருந்தார். கல்லீரலில் ஒரு கட்டி. ஊசியில் மருந்து ஏற்றி, கட்டிக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறதென்று பார்க்க வேண்டும். அதற்கு முன் மூச்சுப் பிடிக்க ஒத்திகை.

"பெரியோர்களே, தாய்மார்களே, தங்கள் மூச்சை..." என்றது அவர் குரல். உடனே இழுத்துப் பிடித்தார். "...ஆடாமல் அசையாமல் சற்று நேரம் நிறுத்தி வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்." குரல் முடிவதற்குள் மூச்சு தீர்ந்து இருமினார். மூன்று தடவையும் படம் கலங்கியது.

"எல்லாருக்கும் இப்புடித்தான் ஆவுதாம்மா?"

"ஆமா சார். அதனால அத ஆஃப் பண்ணிட்டு நாங்களே சொல்லிடுவோம். இன்னிக்கு நீங்க வரீங்கன்னுதான் போட்டோம்," என்றாள் டெக்னீஷியன் ஹுஸ்னா.

கிளமெண்ட் இறங்கி வந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு புதிதாகப் பதிந்தார். "புடிங்க." "விடுங்க." அவ்வளவுதான்.

மறுபடி உள்ளே போய்ப் படுத்தார். இந்தத் தடவை படம் தெளிவாக விழுந்தது. மருந்து ஓரத்திலிருந்து மெல்ல உள்ளே நிரம்பியது. வெறும் ரத்தக்குழாய் முடிச்சு, பயமில்லை என்றார் டாக்டர்.

மனைவி இன்னாசிமேரி மாதாவுக்கு நன்றி சொன்னாள். பிறகு ஹுஸ்னாவிடம் நடந்ததைக் கேட்டுவிட்டு மெஷினையே பார்த்தாள்.

"ரெண்டே வார்த்தையில முடிச்சாரா? வூட்ல இத வைக்க எவ்வளவு எடம்மா வேணும்?"