தொட்டி மோட்டாருக்குக் கொடுத்த ஓய்வு

மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது என் தொழில். திருநகரில் பட்டறை. அதற்குப் பின்னாலேயே வீடு. எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்தது. சத்தத்தை வைத்தே மோட்டாருக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

வீட்டில் மீன் தொட்டி வைக்கப் போகிறேன் என்றதும் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

"வைங்க. ஆனா ஒரு மீன் செத்து மெதந்துச்சுன்னா அன்னைக்கே தொட்டி பட்டறைக்குப் போயிரும். வீட்டுக்குள்ள சாவு பாக்க என்னால ஆகாது."

"சாகாது," என்றேன்.

பட்டறையில் இரும்புத் தூளும் வார்னிஷ் நெடியும். அங்கே மீன் ஒரு வாரம் தாங்காது. இருவருக்கும் தெரியும்.

மீன் கடைக்காரர் பிளாஸ்டிக் செடியை எடுத்துக் காட்டினார்.

"அண்ணே, நம்ம ஊரு தண்ணிக்கு உசுருள்ள செடி வராதுண்ணே. இதுன்னா மாசம் ஒருக்கா சோப்புப் போட்டுக் கழுவுனா புதுசாயிரும்."

"கழுவுறதுக்கு வீட்டுல அம்புட்டுப் பாத்திரம் கிடக்கு," என்று சொல்லி, தொட்டி விளிம்பில் மாட்டும் ஃபில்டர் மட்டும் வாங்கி வந்தேன்.

மூன்றடித் தொட்டி. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் வற்றிக் கிடந்த கண்மாயில் ஒரு சாக்கு கரம்பை மண் அள்ளினேன். காய வைத்து, சலித்து, இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பினேன். மேலே அதே கனத்துக்குப் பொடிக்கல். கல் குறைந்தால் மண் கிளம்பித் தண்ணீர் காப்பியாகிவிடும். முன்பக்கம் தணிவு, பின்பக்கம் உயரம். பெரிய கல்லை ஓரமாக வைத்தேன். நடுவில் வைத்தால் சாமி சிலை மாதிரி இருக்கும்.

போர் தண்ணீரில் உப்பு. குழாய்த் தண்ணீரில் மருந்து. மருந்து போக, குழாய்த் தண்ணீரையே டிரம்மில் இரண்டு நாள் திறந்து வைத்து ஊற்றினேன். உயிருள்ள செடியாகவே நட்டு, மேலே விளக்கு மாட்டினேன். செடி வேர் பிடிக்க ஒரு மாதம் மீன் விடவில்லை.

"வெறும் புல்லுக்கா இம்புட்டு லைட்டு?" என்றாள் மனைவி.

பிறகு பன்னிரண்டு கப்பி மீன் விட்டேன். வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினேன். செடி மேலே முட்டியது. கடைக்காரரே வந்து, நான் கத்தரித்துப் போட்டதைக் கேட்டு வாங்கிப் போனார்.

அடுத்து ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் எல்லா மோட்டாருக்கும் சந்தனம், குங்குமம் வைத்து நிறுத்திவிடுவோம். மறுநாள் காலை சூடம் காட்டிய பிறகுதான் ஓடும். அந்தப் பழக்கத்தில் வீட்டுக்குள் வந்தேன். தொட்டி ஃபில்டரும் மோட்டார்தானே. ஒரு நாள் கூட நிற்காமல் ஓடியது. அதற்கும் பொட்டு வைத்து சுவிட்சை அணைத்தேன். விளக்கையும் அணைத்தேன்.

காலையில் மனைவி சத்தம் போட்டாள்.

"ஏங்க, இங்க வாங்க. எல்லாம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுது."

பார்த்ததும் புரிந்தது. வெளிச்சத்தில் செடி தண்ணீருக்குக் காற்றுக் கொடுக்கும். இருட்டில் மீனோடு சேர்ந்து அதுவும் இழுக்கும். நான் அவ்வளவு அடர்த்தியாக வளர்த்திருந்தேன்.

விளக்கைப் போட்டேன். ஃபில்டரைப் போடவில்லை. உள்ளே நின்ற தண்ணீர் ஊசியிருக்கும். கழற்றிக் கழுவ வேண்டும். அதுவரை மீன் தாங்க வேண்டும்.

"செம்ப எடு. தொட்டித் தண்ணிய மோந்து மேலருந்து ஊத்து. டீ ஆத்துற மாதிரி."

"எம்புட்டு நேரம்?"

"நான் சொல்ற வரைக்கும்."

அவள் ஆற்றினாள். நான் ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை டிரம் தண்ணீரில் அலசினேன்.

"பட்டறை மோட்டாருக்கு லீவு விட்டீங்க, சரி. இதுக்கு எதுக்குங்க?"

"தப்புதான்."

"அடேயப்பா. இந்த வாயில இருந்து இப்படி ஒரு வார்த்தையா?"

பேசினாலும் அவள் கை ஆற்றுவதை நிறுத்தவில்லை. ஃபில்டர் ஓடத் தொடங்கியபோது அவள் கை முழங்கைவரை நனைந்திருந்தது. மீன்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. சிவப்பு வால் கப்பி ஒன்று மட்டும் இலைமேல் சாய்ந்து கிடந்தது.

"அது மெதக்குது," என்றாள்.

"சாஞ்சிருக்கு. சாகல."

அவள் நிபந்தனையைப் பற்றிப் பேசவில்லை. செம்பை எடுத்து, அந்த மீனுக்குப் பக்கத்தில் மறுபடி ஊற்றினாள். இலை நுனிகளில் குமிழ் கட்டத் தொடங்கிய நேரத்தில் சிவப்பு வால் நிமிர்ந்தது. ஒரு தடவை புரண்டது. பிறகு கல்லுக்குப் பின்னால் போய்விட்டது.

மறு வருஷம் ஆயுத பூஜைக்கு அவளே தொட்டிக் கண்ணாடியில் பொட்டு வைத்தாள். நான் பக்கத்தில் போனேன்.

"சுவிட்சுல கை வச்சீங்க, தொட்டி போகாது. நீங்கதான் பட்டறைக்குப் போவீங்க."