நாற்பத்தொன்றாம் நம்பர் கார்டு

எங்கள் முதலாளிக்கு எட்டு ஆகாது. நாலும் ஆகாது. ஏழு என்றால் முகத்தைச் சுளிப்பார். அவருக்கு ராசியான எண் ஐந்து. கார் நம்பர், டெலிபோன் நம்பர், புது மெஷின் இறக்குகிற தேதி, எதைக் கூட்டினாலும் ஐந்து வர வேண்டும். அதோடு விட்டிருந்தால் எவனுக்கும் நட்டமில்லை. நாங்கள் செய்த சர்க்யூட் போர்டுகளுக்குள்ளும் அந்த ஐந்தைக் கொண்டுவந்து நுழைத்தார். இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்குக் குமட்டுகிறது. குமட்டல் அவரை நினைத்து மட்டும் வருவதில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

ராஜபாளையத்தில் ஒரு பழைய பஞ்சுக் கிட்டங்கிக்குள் நடந்தது எங்கள் கம்பெனி. ஸ்பின்னிங் மில்களுக்கு எலக்ட்ரானிக் கார்டு செய்வது தொழில். நூல் அறுந்தால் மெஷினை நிறுத்துகிற கார்டுதான் அதிகம் போகும். டிப்ளமா முடித்துவிட்டு எண்பத்தாறில் டெஸ்டிங் வேலைக்குச் சேர்ந்தேன். பின்பக்கம் ஒரு தொட்டியில், செம்பை அரித்தெடுக்கிற ஃபெரிக் குளோரைடு கிடக்கும். துருவும் புளிப்பும் கலந்த நாற்றம். விரல் நுனியெல்லாம் மஞ்சளாகிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது. அந்தக் கையால் மதியச் சோற்றைப் பிசைய எனக்கு அருவருப்பாக இருக்கும். ஒருநாள் ஸ்பூன் கொண்டுபோனேன். "தொரை வந்துட்டாருலே" என்று சிரித்தார்கள். மறுநாள் முதல் கையாலேயே தின்றேன்.

கார்டு பிறக்கிற இடம் முன்னறை. அங்கே ஓர் அக்கா இருந்தார். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். என்னைப் போலவே ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிறவர். டிராயிங் பரீட்சையில் லோயர், ஹையர் இரண்டும் பாஸ் செய்திருந்தார். அடியில் டியூப் லைட் எரிகிற கண்ணாடி மேஜை, அதன்மேல் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள். கரண்ட் ஓட வேண்டிய தடமெல்லாம் கறுப்பு டேப்பாக ஒட்டுவார். ஓட்டை விழ வேண்டிய இடமெல்லாம் சின்னக் கறுப்பு வட்டம். எல்லாம் இரண்டு மடங்கு அளவில். அதைச் சிவகாசிக்குக் கொண்டுபோய், பிரஸ்காரர்களின் பெரிய கேமராவில் பாதியாகச் சுருக்கி பிலிம் எடுத்து வருவோம். சாமி படக் காலண்டர் வேலை முடிந்தபிறகுதான் எங்கள் முறை வரும். அந்த பிலிம் தப்பென்றால் அதிலிருந்து வருகிற அத்தனை போர்டும் தப்பு.

ஒரு கார்டில் திருத்தம் வந்தால் புதுப் படம், புது பிலிம், புது நம்பர். எந்த ஊரிலும் ஒன்றுக்கு அடுத்தது இரண்டு. எங்கள் கம்பெனியில் மட்டும் அப்படிக் கிடையாது. முதலாளி ஜோசியரிடம் போவார். அவர் அன்றைய நட்சத்திரம் பார்த்து, கூட்டினால் ஐந்து வருகிற ஏதோ ஒரு நம்பரை எழுதிக் கொடுப்பார். நூல் கார்டு முதலில் 32 என்று பிறந்தது. அதைத் திருத்தியபோது 14. அதற்கடுத்தது 41. கடைசியாக 23. இதில் எது முந்தியது, எது பிந்தியது என்று எவன் சொல்ல முடியும்? பிலிம் ஓரத்தில் தேதியாவது எழுதலாமே என்று அக்கா கேட்டுப் பார்த்தார். தேதியைக் கூட்டி எட்டு வந்து தொலைத்தால் என்ன செய்வதென்று அதற்கும் தடை.

அக்கா வாதாடவில்லை. போர்டின் வலது கீழ்மூலையில் சின்ன வட்டங்களை ஒட்ட ஆரம்பித்தார். முதல் படத்தில் ஒன்று, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் மூன்று, நான்காவதில் நான்கு. எந்தத் தடமும் போய்ச் சேராத, சும்மா நிற்கிற புள்ளிகள். ஏதோ பொம்பளை அலங்காரம் என்று முதலாளி விட்டுவிட்டார். டெஸ்டிங் மேஜையில் அந்தக் கார்டுகளைப் புரட்டிய நானும் அப்படித்தான் நினைத்தேன், எண்ணிப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றிரண்டில் கம்ப்யூட்டர் வந்தது. மானிட்டர் நெற்றியில் சந்தனம், குங்குமம். செருப்பு வெளியே. முதலாளி அக்காவையும் என்னையும் கூப்பிட்டார்.

"டேப் ஒட்டுறதெல்லாம் இனிமே கெடையாது. மெஷின் ஒண்ணு, ஆளும் ஒண்ணு போதும். ஆறு மாசம் ரெண்டு பேரும் செஞ்சு பாருங்க. யாரு வேலை சுத்தமா இருக்கோ அவங்க இருக்கட்டும். இன்னொருத்தர் வேற எடம் பாத்துக்கிட வேண்டியதுதான்."

அக்காவின் வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து நெஞ்சு நோயோடு திரும்பி வந்தவர். அந்த வீட்டில் வேலைக்குப் போகிற ஆள் அக்கா ஒருவர்தான். எனக்கு அப்படி நெருக்கடி எதுவும் இல்லை. வத்திராயிருப்புப் பக்கம் எங்களுக்கு வயலும் தென்னையும் இருந்தன. தோற்றிருந்தால் வீட்டில் இரண்டு நாள் ஏசியிருப்பார்கள், அவ்வளவுதான். இருந்தும் அந்த நாற்காலி எனக்கு வேண்டும் என்று பித்துப் பிடித்து அலைந்தேன்.

பழைய படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் பங்கு. புதுப் படங்கள் அக்காவின் பங்கு. காலையில் நான், மதியத்துக்குமேல் அவர். மதியத்துக்குமேல்தான் கரண்ட் போகும். அக்கா பாதி நாள் இருட்டில் உட்கார்ந்திருப்பார். நேரத்தை மாற்றிக்கொள்வோமா என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிலிமை கிராஃப் தாளின்மேல் வைத்து, ஒவ்வொரு வட்டமாக, ஒவ்வொரு தடமாக அளந்து ஏற்றினேன். ஏற்றி முடித்ததும் கம்ப்யூட்டரே படத்தைச் சோதித்து, தவறுகளைத் தாளில் அச்சடித்துத் தரும். நூல் கார்டின் நான்கு படங்களுக்கும் சேர்த்துப் பத்துத் தவறு சொன்னது. எதோடும் சேராமல் பத்து வட்டங்கள் நிற்கின்றனவாம். பத்தையும் அழித்தேன். தவறு பூஜ்யம் என்று வந்த தாளைக் கிழித்து நேரே முதலாளியின் மேஜையில் கொண்டுபோய் வைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம்.

மதியம் அக்கா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, மூலையில வச்சிருந்த புள்ளியக் காணோமே?"

"மெஷின் தப்புன்னு சொல்லுதுக்கா. எதோடயும் சேராம நிக்குதாம்."

"அது சேர வேண்டாம்ய்யா. எத்தனாவது படம்னு தெரியட்டும்னு நான் வச்சது. ஜோசியர் நம்பர வச்சு என்னத்தக் கண்டுபிடிக்க? திரும்பப் போட்டுரு."

"செத்த வேலை இருக்கு. பொறவு போட்டுருதேன்க்கா."

போடவில்லை. போட்டால் பூஜ்யம் மறுபடி பத்தாகும். மறந்துவிட்டேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பொய். தினமும் நினைவிருந்தது. அதோடும் நிற்கவில்லை. பழைய பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறவன் ஒருவன் கம்பெனிக்கு வந்துபோவான். எல்லாம் கம்ப்யூட்டருக்குள் வந்துவிட்டது, பிலிமை வைத்துக்கொண்டு என்ன செய்ய என்று முதலாளியிடம் சொன்னதும் நான்தான். மூட்டையாகக் கட்டித் தூக்கிப் போனான்.

ஆறு மாதம் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மில்லிலிருந்து நாற்பது நூல் கார்டு கேட்டார்கள். முன்பு அதிகம் போன அந்தக் கார்டுக்குச் சில வருஷமாக ஆர்டரே வந்திருக்கவில்லை. அக்கா வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு மதுரை ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். நான் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். 14, 23, 32, 41 என்று நான்கு ஃபைல். தேதியைப் பார்த்தால் நான்கிலும் எண்பதாம் வருஷம் ஜனவரி ஒன்று. உள்ளே பேட்டரி செத்துப்போய், அணைத்துப் போடும்போதெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் அதே தேதிக்குத் திரும்பிவிடும். மூன்று நாளில் அக்கா வந்துவிடுவார், கேட்டிருக்கலாம். கேட்டால் எனக்குத் தெரியாது என்றாகிவிடுமே. பெரிய நம்பர்தான் கடைசியாக இருக்கும் என்று 41-ஐ அனுப்பினேன்.

பத்து நாளில் நாற்பதும் அட்டைப்பெட்டியில் திரும்பி வந்தன. நூல் அறாமலிருக்க மில்லுக்குள் எந்நேரமும் தண்ணீரைப் புகையாகத் தெளிப்பார்கள். 41-இல் மோட்டாருக்குப் போகிற பெரிய கரண்டின் தடமும், நூலைக் கவனிக்கிற சின்னக் கரண்டின் தடமும் உரசுகிற மாதிரி பக்கத்தில் பக்கத்தில். ஈரமும் பஞ்சுத்தூசியும் படிந்ததும் பொறி தாவிக் கருகிவிட்டது. பெட்டியைத் திறந்ததும் வந்த தீய்ந்த நாற்றத்தில் முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டார். இரண்டு நாளில் நல்ல கார்டு வராவிட்டால் இனி ஆர்டரே கிடையாது என்று மில்லில் சொல்லிவிட்டார்கள்.

முதலாளி எங்கள் இருவரையும் நிற்கவைத்தார். கருகிய கார்டு ஒன்றை அக்காவின் முன்னால் போட்டார்.

"ஏம்மா, இது ஒன் கை ஒட்டுன படம்தானே?"

"ஆமா மொதலாளி. ஆனா இது கடைசிப் படம் இல்ல. இந்தக் கோளாறு தெரிஞ்சு, பொறவு வேற ஒட்டிக் குடுத்திருக்கேன்."

"நாப்பத்தொண்ணுக்கு மேல நம்பரே கெடையாதே. பொறவு ஏது?"

"நம்பரு நாம வச்சது இல்லையே. ஜோசியர் எழுதிக் குடுத்ததுதானே?"

அவர் முகம் சிவந்துவிட்டது. ஜோசியரை யாரும் குறை சொல்லக் கூடாது.

"எத்தனாவதுன்னு தெரிய மூலையில புள்ளி வச்சிருந்தேன் மொதலாளி. பிலிம்ல இருந்துச்சு."

கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூலை வெறுமையாக இருந்தது. பிலிம் ஒன்றுகூட இல்லை. என் பக்கம் திரும்பினார்.

"புள்ளி ஏதும் இருந்துச்சாப்பா?"

அக்கா என்னைப் பார்த்தார். கெஞ்சுகிற பார்வை இல்லை. இருந்ததைச் சொல்லிவிடுவேன் என்று நம்பிக்கொண்டு சாதாரணமாகப் பார்த்தார்.

"இருந்த மாதிரி ஞாபகம் இல்ல மொதலாளி" என்றேன்.

மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டாம், நாளையிலிருந்தே வர வேண்டாம் என்று முதலாளி அக்காவிடம் சொல்லிவிட்டார். மேஜை இழுப்பறையிலிருந்த சாப்பாட்டுத் தூக்கையும் ஒரு ஸ்கேலையும் பைக்குள் வைத்துக்கொண்டு அக்கா கிளம்பினார்.

அவரோடு போகக் கூடாதென்று வேண்டுமென்றே தாமதித்து பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸும் தாமதம். ஏறினால், ஜன்னலோரத்தில் அவர். என்னைக் கண்டதும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார். நின்றுகொண்டு வந்திருக்கலாம். வெட்கமே இல்லாமல் உட்கார்ந்தேன்.

இரண்டு ஸ்டாப்பிங் தாண்டியபிறகு அக்காதான் பேசினார்.

"ரெண்டு நாளைக்குள்ள மில்லுக்காரங்க கார்டு கேக்காகள்ல. மறுபடி தப்பா அனுப்பிறாத தம்பி. இருபத்திமூணுதான் கடைசிப் படம். அதுல அந்தத் தடத்த ஓரமாக் கொண்டுபோயிருக்கேன்."

என் ஞாபகத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் 23 என்று குறித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் அந்த ஃபைலைத் திறந்து, அக்கா செய்த தப்பை நான் திருத்திப் போட்ட புதுப் படம் என்று முதலாளியிடம் காட்டினேன்.