எங்கள் வீட்டு யானைக்கட்சியும் கழுதைக்கட்சியும்

என் தங்கச்சி வீட்டுக்காரர் கழுதைக்கட்சி. அவருடைய சம்பந்தி யானைக்கட்சி. ரெண்டு பேரும் அமெரிக்காவைக் கண்ணால் பார்த்ததில்லை. ஒருத்தருக்கு ஓட்டு தாம்பரத்தில், இன்னொருத்தருக்குப் பம்மலில். ஆனாலும் அந்த ஊர்க் கட்சிகள் இரண்டையும் சின்னத்தை வைத்துப் பங்கு போட்டுக்கொண்டு இவர்கள் மல்லுக்கட்டினதை நினைத்தால் இப்போது எனக்குச் சிரிப்பாக வருகிறது. அப்போது வரவில்லை.

சேலையூரில் கீழ் வீட்டில் நான் இட்லி மாவுக் கடை வைத்திருக்கிறேன். மாடியில் தங்கச்சி குடும்பம். எனக்குப் பிள்ளை கிடையாது, தங்கச்சிக்கு ஒரே பெண். அதனால் அவள் ரெண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே பிள்ளை. கல்யாணமாகி மாப்பிள்ளையோடு அமெரிக்கா போய்விட்டாள். அவள் போனதும் அப்பாக்கள் ரெண்டு பேரும் செல்போனில் அந்த நாட்டுச் செய்தியை விழுந்து விழுந்து பார்க்க ஆரம்பித்தார்கள். பார்த்தால் போதுமா, ஆளுக்கொரு கட்சி வேண்டுமே.

தங்கச்சி வீட்டுக்காரர் ரயில்வேயில் யூனியன் கொடி பிடித்து ஓய்வு பெற்றவர். தொழிலாளி என்ற வார்த்தையை யார் அதிகம் சொன்னார்களோ அவர்கள் பக்கம் போனார். சம்பந்திக்குத் திருமுடிவாக்கத்தில் லேத் பட்டறை. வரியைக் குறைக்கிறேன் என்று எந்த நாட்டில் எவர் சொன்னாலும் அவருக்கு இனிக்கும். அவருடைய ஆட்களே இங்கிருந்து போகிற சரக்குக்கு வரியை ஏற்றியதில், பட்டறைக்கு வந்துகொண்டிருந்த ஆர்டர் ஒன்று நின்றுபோனது. அப்போதும் மனுஷர் அசரவில்லை. "அது வேற வரி" என்றார்.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பெண்ணைப் பெற்றவர் பிள்ளையைப் பெற்றவரிடம் எதிர்த்துப் பேசுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை. மண்டபம் எது, சமையல்காரர் யார், பத்திரிகையில் யார் பேர் மேலே என்று எல்லாவற்றுக்கும் தங்கச்சி வீட்டுக்காரர் "சரிங்க சம்பந்தி" என்றே சொல்லிப் பழகிவிட்டார். அந்த மனுஷருக்குச் சம்பந்தியிடம் வாயைத் திறந்து "இல்லை" என்று சொல்லக் கிடைத்த ஒரே இடம் அமெரிக்க அரசியல்தான். விடுவாரா?

எங்கள் பெண் உண்டாகி ஐந்து மாசம் ஆகியிருந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் கம்பெனியில் ஆளைக் குறைத்தார்கள். வேலை போனால் விசாவுக்கு ரெண்டு மாசம்தான் கெடு. அதற்குள் வேறு வேலை பிடித்து அதற்கான காகிதத்தைப் போட வேண்டும், இல்லையென்றால் பெட்டியைக் கட்ட வேண்டும். வேலை கிடைத்துவிட்டது. காகிதம் தரவேண்டிய சர்க்கார் ஆபீஸ்தான் மூடிக் கிடந்தது. செலவுக் கணக்கில் ரெண்டு கட்சிக்கும் ஒத்துப்போகவில்லை, பட்ஜெட் பாஸ் ஆகவில்லை, ஆபீஸ்களைப் பூட்டிவிட்டார்கள்.

எங்கள் தெருவில் பூ விற்கிறவளுக்கு இதை விளக்கப் போய் நான்தான் திணறினேன்.

"இன்னாக்கா சொல்ற? கவர்மெண்டே லீவு போட்டுகினு பூட்ச்சா?"

"ஆமா. நீ ஒத்துக்கோன்னு இவன் சொல்றான், நீ ஒத்துக்கோன்னு அவன் சொல்றான். நடுவுல ஆபீஸுக்குப் பூட்டு."

"நம்ம ஊர்ல ஆபீஸு தொறந்து கீறப்பவே வேலை நடக்கல. அவங்க இன்னாத்துக்குப் பூட்டி வேற காட்டணும்?" என்று சொல்லிவிட்டு முழம் போட்டுக் கொடுத்தாள். அந்த மாதம் நான் கேட்டதிலேயே தெளிவான பேச்சு அதுதான்.

எங்கள் பெண்ணுக்கு ஏழாம் மாசம் பிறந்ததும் வளைகாப்புக்கு நாள் கேட்கப் பம்மல் போனோம். பெண் அங்கே, நாங்கள் இங்கே. போனில் பார்த்தபடியே செய்துவிடலாம் என்று ஏற்பாடு. ஆனால் எங்கள் வழக்கத்தில் நாள் குறித்துக் கொடுப்பது மாமியார் வீடு, முதல் வளையலும் அவர்களுடையது. சித்திரான்னமும் மற்ற சீரும் அம்மா வீட்டிலிருந்து வரும். ஒரு வீடு கையைக் கட்டிக்கொண்டால் இன்னொரு வீட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

பழத்தட்டைக் கீழே வைப்பதற்குள் சம்பந்தி ஆரம்பித்துவிட்டார்.

"உங்க ஆளுங்க கையெழுத்துப் போட்டிருந்தா என் பையன் இந்நேரம் வேலைக்குப் போயிருப்பான்."

"மெஜாரிட்டி உங்ககிட்டதானே சம்பந்தி இருக்கு? பூட்டினது யாரு?"

"மெஜாரிட்டி இருந்தா போதாதுங்க. நூத்துக்கு அறுபது பேர் கை தூக்கணும். உங்க கழுதைங்க தூக்க மாட்டேங்குதே."

"தூக்கற மாதிரி உங்க யானை ஏதாவது விட்டுக்கொடுத்துச்சா?"

"நாட்டையே முடக்கிப் போட்டுட்டு நியாயம் பேசக் கூடாது. கழுதைக்கு அதுக்கு மேல என்ன தெரியும்?"

தங்கச்சி என் கையைக் கிள்ளினாள். சம்பந்தி கழுதை என்றது கட்சியைத்தான், ஆனாலும் நேருக்கு நேர் பார்த்துச் சொன்னார். தங்கச்சி வீட்டுக்காரர் முகம் சுண்டிவிட்டது. காபி வந்தது, யாரும் சரியாகக் குடிக்கவில்லை. நாளைப் பற்றிக் கேட்டதற்கு, "பாக்கலாம், என்ன அவசரம்" என்றார் சம்பந்தி.

திரும்பி வரும்போது வண்டியில் தங்கச்சி வீட்டுக்காரர், "அவர் போன் பண்ணிச் சொல்லட்டும். நானா கேக்க மாட்டேன்" என்றார். அங்கே அவர், "பொண்ணு வீடு வந்து கேக்கட்டும்" என்றாராம். கல்யாணத்தில் சாப்பாட்டுக்கு உப்பு குறைந்ததற்குக்கூட முகம் சுளிக்காத ரெண்டு நல்ல மனுஷர்கள், அந்தந்த வீட்டில் உட்கார்ந்து செய்தி பார்த்துக்கொண்டே நாளைக் கடத்தினார்கள்.

அப்போதுதான் பெண் எனக்கு மட்டும் தனியாகப் போன் செய்தாள்.

"பெரியம்மா, இங்க பெட்டி கட்டலாமா வேணாமான்னே தெரியல. கட்டறதை நிறுத்திட்டு அவர் மெயில் பாக்கறாரு, பாத்துட்டு மறுபடி கட்டறாரு. ஏழாம் மாசமும் முடியப் போகுது. எட்டுல போட மாட்டீங்க. ஒன்பதுல நான் எந்த ஊர்ல இருப்பேனோ. வளையலாவது போட்டுக்கறேனே?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் கடை வாசலில் ஆட்டோ நின்றது. சம்பந்தியம்மா இறங்கினார், கையில் தூக்குவாளி.

"மாவு வாங்க வந்தேன்க்கா."

"பம்மல்ல மாவு கிடைக்கலியா?"

"கிடைக்குது. புளிக்குது" என்று சொல்லிவிட்டு, கிரைண்டர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவளிடமிருந்து அவருக்கும் போன் போயிருக்கிறது. நான் மாடியைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தேன், தங்கச்சி இறங்கி வந்தாள். கிரைண்டர் ஓடுகிற சத்தத்தில் நாங்கள் பேசியது எதுவும் மேலே இருந்தவருக்குக் கேட்டிருக்காது.

அன்று சாயங்காலம் சேலையூரில் தங்கச்சி, "உங்க சம்பந்தி யோசிச்சுப் பாத்தாராம். அவங்க ஆளுங்க பேர்லதான் தப்புன்னு வீட்ல சொன்னாராம். வெள்ளிக்கிழமை நாள் நல்லா இருக்காம்" என்றாள். அதே நேரத்தில் பம்மலில் சம்பந்தியம்மா, "உங்க சம்பந்தி மனசு கேக்காம அக்காகிட்ட ஒத்துக்கிட்டாராம், அவர் கட்சி பண்றது சரியில்லன்னு. வெள்ளிக்கிழமை வெச்சுக்கலாமான்னு கேக்கறாங்க" என்றார். ரெண்டும் கலப்படமில்லாத பொய்.

வெள்ளிக்கிழமை காலையில் ரெண்டு பேரும் என் வீட்டுக்கு ஜெயித்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார்கள். ஜெயித்த ஆள்தானே தாராளமாக இருக்க முடியும்?

"விடுங்க சம்பந்தி. எந்தக் கட்சியிலதான் தப்பு இல்ல?" என்றார் தங்கச்சி வீட்டுக்காரர்.

"அதையேதான் நானும் சொல்ல வந்தேன். நீங்க மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அவர்.

ஆளுக்கு ஆள் தோளைத் தட்டிக்கொண்டார்கள். நாங்கள் மூன்று பெண்களும் சோற்றைக் கிளறுகிற சாக்கில் சமையலறைக்குள் போய்விட்டோம்.

போனை மாவு டப்பாவில் சாய்த்து மாலை போட்டோம். அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். சம்பந்தியம்மா சந்தனத்தைக் குழைத்துப் போன் கண்ணாடியிலேயே, பெண்ணின் கன்னம் தெரிந்த இடத்தில், ரெண்டு பக்கமும் பூசினார். அங்கே பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பெண் ஒருத்தி, மாமியார் சொல்லச் சொல்ல அவள் கையில் கண்ணாடி வளையல்களை அடுக்கினாள். சந்தனம் மறைத்ததில் எங்களுக்குப் பாதி முகம்தான் தெரிந்தது. துடைக்க யாருக்கும் மனசு வரவில்லை.

முகம் மறைந்ததாலோ என்னவோ, அவளுக்குப் பின்னால் இருந்தது நன்றாகத் தெரிந்தது. சுவரோடு வரிசையாகப் பெட்டிகள். ஒன்றின் மேல் மாப்பிள்ளை உட்கார்ந்திருந்தார். அப்பாக்கள் ரெண்டு பேரும் அதைப் பார்த்தார்கள். சம்பந்தி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். தங்கச்சி வீட்டுக்காரர் அவர் பக்கம் தண்ணீர் டம்ளரை நகர்த்தி வைத்தார். அதற்கப்புறம் சாப்பிட்டு எழுந்திருக்கும்வரை ரெண்டு கட்சியையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கொஞ்ச நாளில் ஆபீஸ் திறந்தது. எந்தக் கட்சி எதற்காக இறங்கி வந்தது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. அதற்குள் மாப்பிள்ளையின் புதுக் கம்பெனி பொறுமை இழந்து வேறு ஆளைச் சேர்த்துவிட்டது. டாக்டரிடம் விமானத்துக்கு எழுதி வாங்கிக்கொண்டு ரெண்டு பேரும் வந்து இறங்கினார்கள். வாங்கி ஜோடித்து வைத்திருந்த குழந்தைக் கட்டிலை அந்தத் தெலுங்குப் பெண்ணுக்கே கொடுத்துவிட்டாளாம். ஏர்போர்ட்டில் கை நிறைய வளையலோடு பெட்டி வண்டியைத் தள்ளிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது எனக்குச் சந்தோஷமும் துக்கமும் ஒன்றாக வந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல், "இளைச்சுட்டியே" என்றேன். எட்டாம் மாச வயிற்றோடு நின்றவளிடம்.

பெண் குழந்தை, இங்கே தாம்பரத்திலேயே பிறந்தது. மாப்பிள்ளைக்குப் பழைய சம்பளத்தில் பாதியில் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, பேச்சைக் குறைத்துக்கொண்டு போய் வருகிறார். தாத்தாக்கள்தான் நாளுக்கு நாள் இளமையாகிக்கொண்டு போகிறார்கள். சம்பந்தி பட்டறையைச் சீக்கிரமே பூட்டிவிட்டுத் தினமும் சேலையூர் வந்துவிடுகிறார்.

போன வாரமும் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார். "என்ன சொல்லுங்க, எங்க யானை பிடிவாதமா நின்னதாலதான் இவ தாம்பரத்துல பொறந்தா."

"அதெப்படி? கையெழுத்துப் போட மாட்டேன்னு நின்னது எங்க கழுதை. புண்ணியம் எங்களுக்கு."

பழியை ஒருத்தர் மேல் ஒருத்தர் போட்டவர்கள் இப்போது அதையே பரிசாக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை எழுந்து வெளியே போனார். பெண் அவர் போவதைப் பார்த்துவிட்டு வந்து, சம்பந்தி மடியிலிருந்து குழந்தையைத் தூக்கினாள்.

"அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேளுங்க. இவ இங்க பொறந்ததுல எனக்கும் சந்தோஷம்தான். ஆனா அவர் முன்னாடி இனிமே இதைப் பேசாதீங்க. இப்ப தடுப்பூசிக்கு நேரமாச்சு, ஆட்டோ கூப்பிடுங்க."

ரெண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டு ஆளுக்கொரு பக்கமாகத் தெருவுக்கு ஓடினார்கள். ரெண்டு ஆட்டோ வந்து நின்றது. ஒன்றில் மாப்பிள்ளையையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பெண் போய்விட்டாள். வரச்சொன்ன ஆட்டோவைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் சம்பந்திகள் ரெண்டு பேரும் மற்றதில் ஏறி, மடியில் வைக்க ஒன்றுமில்லாமல், பின்னாலேயே போனார்கள்.